இழப்புற்ற குழந்தைகளும் நமது கடமையும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், பெற்றோர் – ஆசிரியர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் மகிழ்ச்சியான செய்திகளைப் பேசுவதே வழக்கம். எனக்கு முன் பேசிய பெரியோர்கள் இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு வளர்ச்சியை எடுத்துரைத்தார்கள். கேட்க நெஞ்சம் குளிர்ந்தது. நான் பேச வந்திருப்பதோ சாவைப் பற்றி. விழாக் குழுவினரிடம் இதைத் தயக்கத்தோடுதான் சொன்னேன். அவர்கள் ஒரு நொடியும் யோசியாமல் இசைந்தார்கள். காரணம், அவர்களுள் பலருக்கும் இது சொந்த அனுபவம்.

நான் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியராகப் பணியாற்றியவன். ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டால், பதிவேட்டில் அதன் பெயருக்கு எதிரே காரணம் எழுத வேண்டும். ‘குடும்பச் சூழ்நிலை’ என்று இரண்டு சொற்கள் எழுதிக் கையொப்பமிடுவோம். நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் அமர்ந்து எண்ணிப் பார்க்கையில், அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு சாவு இருந்தது என்பது என் நினைவுக்கு வருகிறது. தந்தை இறந்தார்; மகன் செங்கற் சூளைக்குப் போனான். தாய் இறந்தாள், மகள் தம்பி தங்கையருக்குத் தாயானாள். நாம் கட்டணத்தைப் பார்த்தோம், மதிப்பெண்ணைப் பார்த்தோம். அந்தப் பிள்ளையின் மனத்தைப் பார்க்கவில்லை.

என் சொந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. என் சிலேட்டு உடைந்துவிட்டது. புதிய சிலேட்டு வாங்கித் தந்தால்தான் பள்ளிக்குப் போவேன் என்று அடம்பிடித்தேன். அன்று வீட்டில் இருக்க வேண்டிய என் தந்தை, நாலு காசு கிடைக்குமே என்று பக்கத்துக் கொல்லையில் கிணற்றை ஆழப்படுத்தும் வேலைக்குப் போனார். மண் சரிந்தது. அவர் உயிரோடு மேலே வரவில்லை.

என்னை உடனே அடுத்த ஊரிலிருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகே அழைத்து வந்தார்கள். அப்பா எங்கே என்று கேட்டேன். “ஊருக்குப் போயிருக்கிறார்” என்றார்கள். பிள்ளை தாங்கமாட்டான் என்ற அன்பினால் சொன்ன பொய் அது. ஆனால் ஊருக்குப் போனவர் திரும்பி வரவேண்டுமன்றோ? நாள்தோறும் கடைசிப் பேருந்து வரும்வரை சாலையோரப் புளியமரத்தடியில் நின்றேன். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். “அப்பனை முழுங்கின பிள்ளை” என்றாள் ஒருத்தி. அந்த நொடியில் எனக்கு இரண்டு செய்திகள் புரிந்தன. ஒன்று, அப்பா இனி வரமாட்டார். மற்றொன்று, அவரைக் கொன்றது நான்; என் சிலேட்டு.

இரண்டு ஆண்டுகள் இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. சிலேட்டைத் தொடவே மறுத்தேன். பிடிவாதக்காரன் என்று அடி வாங்கினேன். பிறகு வந்த ஓர் ஆசிரியர்தாம், அடிக்காமல், பள்ளி முடிந்தபின் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் உடனே தேறுதல் சொல்லவில்லை. “கிணற்றின் பக்கம் ஈர மண். முட்டுக் கொடுக்காமல் ஆளை உள்ளே இறக்கினார்கள். அதனால் மண் சரிந்தது. நீ சிலேட்டுக் கேட்டதற்கும் மண் சரிந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை” என்று காரணத்தை விளக்கினார். வேறு யாரும் அதுவரை எனக்கு அதைச் சொல்லவில்லை. அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன். இன்று உங்கள் முன் நிற்பது அந்த ஆசிரியரால்தான்.

குழந்தைகள் சாவை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் மரியா நாகி என்ற அம்மையார் மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் பேசிக் கண்டறிந்தவற்றை 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ எண்ணுகிறார்கள். ஏறத்தாழ ஒன்பது வயதுக்குப் பின்பே அது எல்லார்க்கும் வரும் முடிவு என்று தெளிகிறார்கள் என்றார் அவர். பல குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள்ளாகவே இதைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

குழந்தை புரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. இறந்தவர் திரும்பி வரமாட்டார். இறந்த உடலுக்குப் பசி இல்லை, குளிர் இல்லை, வலி இல்லை. உயிருள்ள எல்லாவற்றுக்கும் சாவு உண்டு. சாவுக்கு உடலைச் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அது எவருடைய கோபத்தாலோ ஆசையாலோ வருவதன்று. இந்த நான்கையும் நாம் சொல்லாவிட்டால் குழந்தை சும்மா இருப்பதில்லை. தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் ‘நான்தான்’ என்பதாக இருக்கிறது.

ஆகவே நாம் வழக்கமாகச் சொல்லும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். “தூங்குகிறார்” என்றால், குழந்தை அன்றிரவு தூங்க அஞ்சும். “ஊருக்குப் போயிருக்கிறார்” என்றால், என்னைப் போல் வழிபார்த்து நிற்கும். “நல்லவர் என்பதால் சாமி எடுத்துக்கொண்டது” என்றால், நல்ல பிள்ளையாக இருப்பதற்கே அஞ்சும். உங்கள் நம்பிக்கை எதுவாயினும் அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், தவறில்லை. அதற்கு முன், “அப்பா இறந்துவிட்டார். அவர் நெஞ்சு துடிப்பது நின்றுவிட்டது. மருத்துவர்கள் முயன்றும் முடியவில்லை. இனி வரமாட்டார். இதில் உன் தவறு எதுவும் இல்லை” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்பவர் தாயாகவோ, பிள்ளை மிகவும் நம்பும் பாட்டியாகவோ, மாமனாகவோ இருக்கட்டும். சொல்லும்போது நமக்கு அழுகை வந்தால் வரட்டும். பெரியவர் அழுவதைப் பார்த்துத்தான் அழுவது குற்றமன்று என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

நம் தலைவர் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். 1891இல் பிறந்த அவர், ஐந்து வயது அளவிலேயே தாய் பீமாபாயை இழந்தார். தந்தையின் தமக்கை மீராபாய் அவரை மடியில் போட்டு வளர்த்தார். வளர்ந்து பேரறிஞரான பின்னும் இழப்பு அவரை விடவில்லை. ஐந்து பிள்ளைகளுள் நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். கடைசி மகன் ராஜரத்னம் 1926இல் இறந்தபோது, நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தம் துயரத்தை மறைக்காமல் கொட்டியிருக்கிறார். மனைவி ராமாபாய் 1935இல் மறைந்தார். 1940இல் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்கே படைத்தார். அவ்வளவு உறுதி படைத்தவரே துயரத்தை மறைக்கவில்லை, இறந்தவரை மறக்கவுமில்லை. அவ்வாறிருக்க, “ஆண்பிள்ளை அழலாமா?” என்று எட்டு வயதுச் சிறுவனை நாம் அதட்டுவது எந்த நியாயம்?

குழந்தையின் துயரம் பெரியவர் துயரம் போன்றதன்று. அது விட்டு விட்டுப் பெய்யும் மழை. காலையில் தேம்பி அழுத பிள்ளை பிற்பகலில் கோலி விளையாடப் போகும். “அப்பன் செத்த துக்கமே இல்லையே” என்று ஊரார் பேசுவார்கள். அப்படிப் பேசாதீர்கள். விளையாட்டு அதன் இளைப்பாறல். மீண்டும் இரவில் தலையணையை நனைக்கும். சில பிள்ளைகள் அழவே மாட்டார்கள்; வயிறு வலிக்கிறது என்பார்கள், படுக்கையை நனைப்பார்கள், தாயின் முந்தானையை விடமாட்டார்கள், காரணமின்றிச் சினம் கொள்வார்கள். வளரிளம் பருவத்தினர் வாய் பேசாமல் ஒதுங்குவார்கள். “அம்மாவும் செத்துவிட்டால் எனக்குச் சோறு யார் போடுவார்?” என்று சிறு பிள்ளை கேட்கும். அது தன்னலமான கேள்வியன்று. உயிர் வாழும் கேள்வி. “நான் நெடுநாள் இருப்பேன் என்று நம்புகிறேன். எனக்கு ஏதேனும் நேர்ந்தாலும் சித்தி இருக்கிறாள், மாமா இருக்கிறார், நீ தனியாக நிற்கமாட்டாய்” என்று பெயர் சொல்லி விடை கூறுங்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தாய் அல்லது தந்தையை இழந்த 125 பிள்ளைகளை, 70 குடும்பங்களில், இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். அதைப் பற்றி வில்லியம் வோர்டன் என்பவர் 1996இல் ஒரு நூல் எழுதினார். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இரண்டாம் ஆண்டு முடிவிலும் கடுந்தொல்லையில் இருந்தார்கள். தாங்கியவர்களுக்கும் தாங்காதவர்களுக்கும் இடையே முதன்மையான வேறுபாடு எது? எஞ்சிய பெற்றோர் எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறார் என்பதே. இதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். கணவனை இழந்த பெண்ணை மூலையில் உட்கார வைத்து, பொட்டைப் பறித்து, நல்ல காரியத்தில் எதிரே வராதே என்று விலக்கிவைத்தால், நாம் அந்தப் பெண்ணை மட்டும் தண்டிக்கவில்லை. அவள் பிள்ளைகளின் ஊன்றுகோலை முறித்துவிடுகிறோம். துயருற்ற பிள்ளைக்கு உதவ விரும்புவோர் முதலில் அதன் தாய்க்கு உதவுங்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள்.

இறுதிச் சடங்கில் பிள்ளை இருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, பிள்ளை விரும்பினால் இருக்கட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பறை ஏன் ஒலிக்கிறது, பெண்கள் ஏன் ஒப்பாரி வைக்கிறார்கள், உடலை எங்கே கொண்டு போகிறார்கள் என்று பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாட்டனை வழியனுப்புவதில் தனக்கும் ஒரு பங்குண்டு என்று பிள்ளைக்கு உணர்த்தும் நல்ல வழக்கம் அது. ஒப்பாரியும் அவ்வாறே. இறந்தவரின் குணத்தையும் உழைப்பையும் பேர் சொல்லிப் பாடும் அந்தத் தாய்மார்களிடம், துயரத்தை வாய்விட்டுச் சொல்லும் கலை இருக்கிறது. ஆனால் தந்தைக்குக் கொள்ளி வைக்கும் பத்து வயது மகன் நடுங்கினால், பெரியவர் ஒருவர் அவன் கையோடு கை வைக்க வேண்டும். சடங்கு முடிந்ததும், “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை” என்று அவன் தோளில் யாரும் சுமை ஏற்ற வேண்டாம். அவன் பிள்ளையாகவே இருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் மற்றொரு சுமை உண்டு. 2019 ஆகஸ்டில், அப்போதைய வேலூர் மாவட்டத்தில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், நம்மவர் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வயல்வழி விடப்படாமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதை நாடே கண்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. இதுபோன்ற காட்சியைக் காணும் ஒரு பிள்ளையின் மனத்தில் துயரத்தோடு வெட்கமும் சேர்ந்து விடுகிறது. “நம்மை ஏன் சாலை வழியே விடவில்லை?” என்று அது கேட்டால், பேச்சை மாற்றாதீர்கள். “வழியை மறித்தது அவர்கள் செய்த குற்றம். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். உன் தாத்தா மரியாதைக்குரியவர்” என்று சொல்லுங்கள். வன்கொடுமையில் உறவை இழந்த பிள்ளைக்கும், தற்கொலையில் இழந்த பிள்ளைக்கும் இதே விதிதான். வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். நாம் மறைப்பதைத் தெரு சொல்லிவிடும். அதுவும் கொடுமையாகச் சொல்லும்.

கழிவுநீர்த் தொட்டியில் மூச்சுத் திணறி இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மனிதரை மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சு 27இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20இல் வழங்கிய தீர்ப்பில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இந்தச் செய்தியைத் துயரம் பற்றிய உரையில் ஏன் சொல்கிறேன்? வறுமையும் துயரமும் ஒரே கதவு வழியே நுழைகின்றன. பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாத பிள்ளைக்கு அழக்கூட நேரம் இராது. ஆகவே இழப்பீடு வந்தால், அதில் ஒரு பகுதி பிள்ளைகளின் பெயரில் வைப்புத் தொகையாகட்டும். கொரோனாக் கொள்ளைநோயில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ஐந்து இலட்சம், ஒருவரை இழந்தோருக்கு மூன்று இலட்சம் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்போது படிவம் நிரப்பத் தெரியாமலும் சான்றிதழ் இல்லாமலும் தவித்த குடும்பங்களை நான் அறிவேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெறுவதற்கு அலையும் அந்தத் தாயோடு, படித்த நம் இளைஞர் ஒருவர் உடன் செல்வது பெருந்தொண்டாகும்.

இனி ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். கருமாதி முடிந்து பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாள் கடினமான நாள். அதற்கு முன்னரே வகுப்பு மாணவரிடம் பேசிவிடுங்கள். அப்பிள்ளை வந்ததும் எல்லார் முன்னும் நிறுத்தி இரங்கல் கூறாதீர்கள். தனியே அழைத்து, “நடந்ததை அறிவேன். பேச வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், அழுகை வந்தால் கேட்காமலே வெளியே போய் வரலாம்” என்று சொல்லுங்கள். விட்டுப்போன பாடத்தைத் தோழர் ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் முன் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எழுத வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இறந்த தந்தையைப் பற்றியும் எழுதலாம் என்று சொன்னால் போதும். பொங்கலும் பிறந்தநாளும் நினைவு நாளும் புண்ணைக் கிளறும். அன்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுங்கள். ஆறு வயதில் தாயை இழந்த பெண் பதின்மூன்று வயதில் பூப்பெய்தும்போது மீண்டும் புதிதாக அழுவாள். அது நோயன்று, வளர்ந்த மனம் பழைய இழப்பைப் புதிய கண்ணால் பார்க்கிறது.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. தானும் சாக வேண்டும் என்று பிள்ளை பேசுதல், பல வாரங்கள் சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இருத்தல், தோழரை முற்றிலும் விலக்குதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை அவை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற மனநலத் தொலைபேசி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மனநல மருத்துவரிடம் போவது பைத்தியம் என்ற பட்டத்துக்காக அன்று. காலில் அடிபட்டால் கட்டுப் போடுவது போன்றதே அது.

நிறைவாக, என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவும் பட்டு அறிந்த நானே ஒரு முறை தவறினேன். விடுதிக் காப்பாளராக இருந்த காலத்தில், ஒரு மாலை, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் இறந்த செய்தி வந்தது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வா” என்று சமையற்காரரோடு அனுப்பிவிட்டேன். பேருந்தை விட்டிறங்கித் தெரு முனையை அடைந்தபோது, பறையொலி கேட்டுத்தான் அவனுக்குத் தெரிந்தது. வழியெல்லாம் அம்மாவுக்கென்று வாங்கிய ஆரஞ்சுப் பழங்களை மடியில் கட்டிக்கொண்டு வந்தானாம். அவன் விடுதிக்குத் திரும்பி வந்தான், நன்றாகவும் படித்தான். ஆனால் பள்ளி முடியும்வரை என்னிடம் அவன் எதையும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. என்னை அவன் வெறுக்கவில்லை. என் சொல்லை நம்புவதை நிறுத்திவிட்டான். புளியமரத்தடியில் நான் நின்ற நாள்களை மறந்து, எனக்குச் சொல்லப்பட்ட பொய்யையே நான் அவனுக்குச் சொன்னேன்.

அவன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் அவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, “ஐயா, நீங்கள் சொல்லியிருந்தால் அந்த மூன்று மணி நேரப் பயணத்திலேயே நான் அழுது முடித்திருப்பேன். தெருவில், எல்லாரும் பார்க்க அழுதிருக்க மாட்டேன்” என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இச்சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. நம் பள்ளியிலும் விடுதியிலும் ஒவ்வோர் ஆண்டும் இழப்புற்ற பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர் ஒருவர் அறிந்து வைத்திருக்கட்டும். துயரச் செய்தி வந்தால் யார் சொல்வது, எங்கே அமர்ந்து சொல்வது, யார் உடன் செல்வது என்று முன்னதாகவே முடிவு செய்துவைப்போம். ஓராண்டு வரை மாதம் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய் வருவோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டாம். நடக்கக் காலும் கேட்கக் காதும் போதும். இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளில், நம் பதிவேட்டில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதும் முன், எழுதுகிற கை ஒரு முறை நின்று, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வரட்டும்.